மகிழ்ச்சி மீட்டர் யாருக்கு? காலனி கேம்களும் ஒன்றரை ஷிப்டும்

(ஒலி எபிசோடைச் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு எபிசோடு ஸ்ட்ராட்டஜி கேம் பத்தி. கேம் ஆடாதவங்க உடனே ஸ்கிப் பண்ணிடாதீங்க. பாதி நேரம் நம்ம திருப்பூர் பனியன் கம்பெனி பத்தித்தான் பேசப் போறேன்.

காலனி ஆட்சியை மையமா வெச்சு நிறைய ஸ்ட்ராட்டஜி கேம் வந்திருக்கு. கப்பல்ல போவீங்க, கரையில ஊர் கட்டுவீங்க, பருத்தி, கரும்பு, புகையிலை விளைவிச்சு ஊருக்கு அனுப்புவீங்க. காசு வரும், இன்னொரு ஊர் கட்டுவீங்க. இந்த மாதிரி ஒரு கேம்ல "குடிமக்கள் மகிழ்ச்சி"ன்னு ஒரு எண்ணைக் கொண்டுவந்து வெச்சா, நாம விளையாடுற விதம் எப்படி மாறுது? இதுதான் இன்னைக்குக் கேள்வி.

மூணு கேம் எடுத்துக்கறேன். 1994ல வந்த சிட் மையர்ஸ் காலனைசேஷன், 2019ல வந்த ஆனோ 1800, 2022ல வந்த விக்டோரியா 3. மூணுலயும் மக்களோட மனநிலைக்கு ஏதோ ஒரு மீட்டர் இருக்கு. ஆனா மூணும் நம்மை மூணு விதமா ஆட வைக்குது. மீட்டர் இருக்கா இல்லையாங்கறதை விட, அதை எங்கே பொருத்தியிருக்காங்க, யார் கணக்குல ஏத்தறாங்கங்கறதுதான் ஆட்டத்தை மாத்துது. இது நான் சொல்ல வர்ற விஷயம்.

முதல்ல, இந்த மீட்டர் எதுக்கு?

மீட்டரே இல்லாத கேமை யோசிங்க. அதுல ஆள்னா ஒரு இன்புட். பத்து ஆள் போட்டா பத்து மூட்டை பருத்தி, இருபது ஆள் போட்டா இருபது மூட்டை. அப்போ ஜெயிக்கிற வழி ஒண்ணே ஒண்ணுதான். எவ்வளவு வேகமா பெருக முடியுமோ அவ்வளவு வேகமா பெருகறது. முதல் ஒரு மணி நேரத்துல முந்தினவன்தான் கடைசி வரைக்கும் முந்துவான். ஆட்டம் சீக்கிரமே சலிச்சுடும்.

இதைத் தடுக்க டிசைனர்களுக்கு ஒரு பிரேக் வேணும். 1991ல வந்த முதல் சிவிலைசேஷன் கேம்லயே அது இருந்தது. ஊர் பெருசாகப் பெருசாக அதிருப்தி உள்ளவங்க எண்ணிக்கை கூடும். சந்தோஷமா இருக்கறவங்களை விட அவங்க அதிகமாயிட்டா ஊர்ல கலவரம், உற்பத்தி நின்னுடும். கோயில் கட்டணும், இல்லேன்னா வரியில ஒரு பங்கை ஆடம்பரத்துக்கு ஒதுக்கணும்.

நம்ம ஐடி பாஷையில சொன்னா இது ஒரு ரேட் லிமிட்டர். சர்வருக்கு நிமிஷத்துக்கு இத்தனை ரிக்வெஸ்ட்தான்னு வெக்கிறோம் இல்லையா, அது மாதிரி. பேரு "மகிழ்ச்சி"ன்னு இருக்கும், ஆனா வேலை வேகத்தடை. இது ஞாபகத்துல இருக்கட்டும், மிச்சம் எல்லாம் இதுல இருந்துதான் வருது.

காலனைசேஷன்: அதிருப்தியே பெட்ரோல்

1994 காலனைசேஷன், பிரையன் ரெனால்ட்ஸும் சிட் மையரும் டிசைன் பண்ணது. இங்கிலாந்து, பிரான்ஸ், ஸ்பெயின், நெதர்லாந்து, நாலுல ஒண்ணா ஆடலாம். 1492ல ஆரம்பிக்கும். நம்ம ஊர்க்காரங்களுக்கு இதுல ஒரு விஷயம் உடனே பிடிக்கும். பருத்தி விளைவிச்சு அப்படியே வித்தா காசு கம்மி, நெசவாளரை உட்கார வெச்சு துணியாக்கி வித்தா காசு அதிகம். திருப்பூர்ல பிறந்தவங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதுல மகிழ்ச்சிங்கற பேர்ல மீட்டர் கிடையாது. அதுக்குப் பதிலா, ஒவ்வொரு ஊர்லயும் எத்தனை சதவீதம் பேர் விடுதலையை விரும்பறாங்க, எத்தனை பேர் ராஜா பக்கம்னு ஒரு கணக்கு ஓடும். ஊர் மன்றத்துல ஆளைப் போட்டா அவங்க "லிபர்ட்டி பெல்" உற்பத்தி பண்ணுவாங்க. பெல் சேரச் சேர விடுதலை ஆதரவு ஏறும். 50 சதவீதம் தாண்டினா அந்த ஊர்ல ஒவ்வொருத்தரோட உற்பத்தியும் கூடும், 100 தொட்டா இன்னும் கூடும். ராஜா பக்கம் இருக்கறவங்க எண்ணிக்கை ஒரு அளவைத் தாண்டினா உற்பத்தி குறையும். மொத்தத்துல 50 சதவீதம் வராம சுதந்திரப் பிரகடனமே பண்ண முடியாது.

இது ஆட்டத்தை எப்படி மாத்துதுன்னு பாருங்க. ஊர்ல புது ஆளைச் சேர்க்கும்போது "இவர் எத்தனை மூட்டை தருவார்"னு மட்டும் பார்க்க முடியாது. புதுசா வர்றவர் விடுதலை சதவீதத்தை இறக்கிடுவார். அதனால ஆட்களை அள்ளிப் போடாம, ஒரு ஊர் பழகின பிறகு அடுத்த ஆளைச் சேர்ப்போம். வயல்ல நிக்க வேண்டிய ஒருத்தரை மன்றத்துல உட்கார வெச்சு "பேச்சு" உற்பத்தி பண்ண விடறது வீண் செலவு மாதிரி தெரியும். ஆனா அதுதான் பின்னாடி எல்லாரோட கையையும் வேகமாக்கும்.

2008ல இதையே சிவிலைசேஷன் 4 எஞ்சின்ல திரும்ப எடுத்தாங்க. அதுல ஒரு சின்ன மாற்றம். நீங்க பெல் உற்பத்தி பண்ணப் பண்ண ராஜா உங்க மேல அனுப்பப்போற படையும் பெருசாகும். விளைவு? பல பேர் பெல்லை வேணும்னே அடக்கி வெச்சு, கடைசி நேரத்துல மொத்தமா அடிச்சுப் பிரகடனம் பண்ற உத்திக்குப் போயிட்டாங்க. கதை அதே கதை, படம் அதே படம். ஒரே ஒரு விதி மாறினதுல, மக்களோட சேர்ந்து வளர்ற கேம் மக்களைக் கடைசி வரைக்கும் ஊமையா வெக்கிற கேம் ஆயிடுச்சு.

இன்னொண்ணும் கவனிங்க. ராஜாவோட திரையில அதிருப்தின்னு தெரியற எண், நம்ம திரையில ஆதரவுன்னு தெரியுது. 1932 ஜனவரி 10, திருப்பூர்ல தடையை மீறிக் கொடியோட ஊர்வலம் போனாங்க. போலீஸ் தடியடியில விழுந்த குமரன் மறுநாள் இறந்தார். அன்னைக்கு பிரிட்டிஷ் அரசோட கணக்குல அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. இந்தப் பக்கம் அதுதான் இயக்கத்தோட பலம். ஒரே மீட்டர்தான். யார் உட்கார்ந்து படிக்கிறாங்கங்கறதைப் பொறுத்து சிவப்பும் பச்சையும் இடம் மாறும்.

ஆனோ 1800: அந்த ஸ்லைடரை நமக்குத் தெரியும்

யூபிசாஃப்ட்டோட ஆனோ 1800 தொழிற்புரட்சிக் காலத்துல நடக்குது. பழைய உலகத்துல ஆலைகள், புதிய உலகத்துல பருத்தியும் கரும்பும். இங்கே மக்களோட தேவை ரெண்டு வகை. சாப்பாடு, துணி மாதிரி அடிப்படைத் தேவை நிறைவேறினா வீட்ல ஆள் கூடும். மது, தியேட்டர் மாதிரி ஆடம்பரத் தேவை நிறைவேறினா மகிழ்ச்சி கூடும். அதாவது உயிரோட இருக்கறதும் சந்தோஷமா இருக்கறதும் தனித்தனிக் கணக்கு. நல்ல யோசனை.

பழைய உலகக் கைவினைஞர்கள் சந்தோஷமா இருக்க ரம் வேணும். ரம்முக்குக் கரும்பு வேணும், அது புதிய உலகத்துல விளையும். அவங்க போடற ஃபர் கோட்டுக்குப் பருத்தித் துணி வேணும், அதுவும் அங்கிருந்துதான். அங்கே விளைவிக்கறவங்க பேரு "ஹோர்னலேரோ". ஸ்பானிஷ்ல அதுக்கு அர்த்தம் தினக்கூலி. ஒரு தீவோட மகிழ்ச்சி இன்னொரு தீவோட கூலி உழைப்புல இருந்து கப்பல் ஏறி வருது. கேம் இதை வசனமா எங்கேயும் சொல்லாது. கப்பல் ரூட் போடும்போது நமக்கே புரியும்.

இப்போ முக்கியமான விஷயம். ஒவ்வொரு ஆலைக்கும் "வொர்க்கிங் கண்டிஷன்ஸ்"னு ஒரு ஸ்லைடர் இருக்கு. மேல தள்ளினா உற்பத்தி 50 சதவீதம் வரைக்கும் கூடும், மகிழ்ச்சி இறங்கும். கீழ இறக்கினா நேர்மாறா. மகிழ்ச்சி ரொம்ப இறங்கினா கலவரம், அப்புறம் போலீஸ் ஸ்டேஷன். இல்லேன்னா இன்னொரு வழி இருக்கு. ஊர்ப் பத்திரிகையில கெட்ட செய்தியை எடுத்துட்டு நமக்குச் சாதகமான செய்தியைப் போடலாம்!

50 சதவீதம் கூடுதல். இதுக்கு நம்ம ஊர்ல ஒரு பேர் இருக்கு: ஒன்றரை ஷிப்ட். காலையில எட்டரைக்கு உள்ளே போனா ராத்திரி எட்டரை. ஷிப்மென்ட் நெருங்கினா அதுக்கும் மேல. இந்த ஸ்லைடரை முதல் தடவை பார்த்தப்போ என் பக்கத்துல ஒரு ஃப்ரெண்ட் உட்கார்ந்திருந்தான். அவங்கப்பா சின்னதா ஒரு பவர் டேபிள் யூனிட் வெச்சிருக்கார், பெரிய கம்பெனிகளுக்குத் தையல் ஜாப் ஒர்க். அவன் சொன்னான்: "மாப்ள, இந்த கேம் எழுதினவன் பீஸ் ரேட்டைப் பார்த்ததில்ல போலடா."

யோசிச்சா சரிதான். கேம்ல முதலாளி ஸ்லைடரைத் தள்றார், அதுக்கான விலையா மகிழ்ச்சி இறங்குது, அது திரும்ப முதலாளியையே கடிக்குது. பீஸ் ரேட்ல ஸ்லைடர் டெய்லர் கையில இருக்கு. ஒரு பீஸுக்கு இவ்வளவுன்னு ரேட். யாரும் விரட்ட வேண்டியதில்லை. பையனுக்கு ஃபீஸ் கட்டணும்னா அவரே இழுத்து உட்கார்ந்து தைப்பார். அந்த வாரம் உற்பத்தியும் ஏறும், சனிக்கிழமை சம்பளமும் ஏறும். அதனால மகிழ்ச்சி மீட்டர் கூட ஏறின மாதிரிதான் காட்டும்.

எங்கம்மா ரொம்ப வருஷம் செக்கிங்ல இருந்தவங்க. பனியன்ல ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் கண்ணுலயே பிடிக்கிற வேலை. இந்த எபிசோடுக்காக அவங்ககிட்ட, "பீஸ் ரேட் பிடிக்குமா, ஷிப்ட் சம்பளம் பிடிக்குமாம்மா?"னு கேட்டேன். "முப்பது வயசுல பீஸ் ரேட் பிடிச்சுதுப்பா. நாப்பதுக்கு மேல ஷிப்ட்தான் பிடிச்சுது"ன்னாங்க. இந்த பதிலை எந்த கேம் மீட்டரும் காட்டாது. மீட்டர் இன்னைக்குத் தேதியைத்தான் காட்டும். கண்ணும் இடுப்பும் பத்து வருஷம் கழிச்சுத்தான் கணக்கு கேட்கும்.

விக்டோரியா 3: பஞ்சப்படி ஒரு ஃபார்முலா

விக்டோரியா 3ல கேம் 1836ல ஆரம்பிக்குது. இதுல மக்களுக்கு வாழ்க்கைத்தரம்னு ஒரு எண் இருக்கு. கோபம் வர்றது அந்த எண் குறைவா இருக்கறதால மட்டும் இல்லை. எண் இறங்கும்போது தீவிரவாதப் போக்குள்ளவங்க, கேம் பாஷையில "ராடிக்கல்ஸ்", உருவாவாங்க. ஏறும்போது விசுவாசிகள் உருவாவாங்க. அதோட, படிப்பறிவு ஏற ஏற மக்கள் எதிர்பார்க்கிற குறைந்தபட்ச வாழ்க்கைத்தரமும் ஏறும். பள்ளிக்கூடம் கட்டினா நல்ல தொழிலாளி கிடைப்பார், ஆனா "இது பத்தாது"ன்னு சொல்லத் தெரிஞ்சவராவும் இருப்பார்.

இதனால ஆடற விதமே வேற மாதிரி ஆகுது. தானிய விலை ஏறுதான்னு பார்த்துட்டே இருப்போம். கூலியை ஒரு ரூபாய் கூட குறைக்காமலே விலைவாசி நம்ம நாட்டுல புரட்சியைக் கொண்டுவர முடியும்.

இந்த விஷயத்துக்குத் தமிழ்ல ஏற்கெனவே ஒரு சொல் இருக்கு. பஞ்சப்படி. விலைவாசிக் குறியீட்டெண் ஏறினா அதுக்கேத்த மாதிரி சம்பளமும் ஏறணும். ஒரு வரி ஃபார்முலா. இதுக்காகத்தான் 1984ல திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் பண்ணாங்க. 127 நாள், நாலு மாசத்துக்கும் மேல. வாரச் சம்பளத்துல ஓடற குடும்பங்கள் அவ்வளவு நாள் எப்படி ஓட்டியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. நம்ம வயசுக்காரங்க பாதிப் பேருக்கு இது நடந்ததே தெரியாது. ஸ்கூல்ல சொல்லித்தரலை, ஊர்ல சிலையும் இல்லை.

அதுக்கப்புறம் என்ன ஆச்சுங்கறதுதான் நம்ம விஷயத்துக்கு முக்கியம். திருப்பூரைப் பத்தி ஆய்வு பண்ண ஷரத் சாரி, 2004ல வந்த "ஃப்ரட்டர்னல் கேப்பிடல்" புத்தகத்துல இந்த வேலைநிறுத்தத்தை ஒரு திருப்புமுனையாப் பார்க்கிறார். பின்னாடி வந்த வருஷங்கள்ல வேலை இன்னும் சிதறிச்சு. நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், தையல் காண்ட்ராக்ட், செக்கிங் காண்ட்ராக்ட், பீஸ் ரேட். ஏற்றுமதி ஆர்டர் ஏறி இறங்கறதும் இதுக்கு ஒரு காரணம்தான், முழுக்க இதனாலதான்னு நான் சொல்லலை. ஆனா விளைவைப் பாருங்க. ஒரே கூரைக்குக் கீழ ஐநூறு பேர் இருந்தா அவங்க மனநிலையைக் காட்ட ஒரு மீட்டர். அதையே இருபது பேர் இருக்கற இருபத்தஞ்சு யூனிட்டா உடைச்சா, இருபத்தஞ்சு குட்டி மீட்டர். எதுவும் சிவப்புக்குப் போகாது. போனாலும் அது காண்ட்ராக்ட்காரர் பாடு.

நான் ஆடின எந்த காலனி கேம்லயும் இந்த மூவ் எனக்கு மெனுவுல கிடைச்சதில்லை. ஊர் உங்களோடது, கோபமும் உங்களோடது, தப்பிக்க முடியாது. ஒரு வகையில கேம் நிஜத்தை விட நியாயமா நடந்துக்குது.

ஆனா கேமோட ஆரம்ப செட்டப்லயே அந்த மூவ் ஒளிஞ்சிருக்கு. விக்டோரியா 3ல பிரிட்டனா ஆடினா, இந்தியா நேரடியா உங்க நாடு இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி உங்களுக்குக் கீழ இருக்கற தனி நாடு. அங்கே உருவாகற ராடிக்கல்ஸ் அந்தக் கணக்குல ஏறும், லண்டன் கணக்குல ஏறாது. நிஜத்துலயும் 1857 கலகம் வரைக்கும் அந்த ஏற்பாடு ஓடிச்சு, 1858லதான் பிரிட்டிஷ் அரசு ஆட்சியை நேரடியா எடுத்துக்கிட்டது. வரலாற்றுலயே பெரிய ஜாப் ஒர்க் காண்ட்ராக்ட் அதுதான்னு எனக்குத் தோணும்.

மீட்டருக்கு வெளியே இருக்கறவங்க

காலனைசேஷன்ல பூர்வகுடி மக்களும் இருக்காங்க. ஆனா அவங்களுக்கு உற்பத்தியைக் கூட்டற மாதிரி மனநிலைக் கணக்கு கிடையாது. அவங்க கோபம் எவ்வளவு ஏறியிருக்குன்னு காட்ட ஒரு எச்சரிக்கைக் குறி மட்டும்தான், "எப்போ தாக்குவாங்க"ன்னு தெரிஞ்சுக்க. அடிமை உழைப்பு அந்த கேம்ல சுத்தமா இல்லை. கரும்பையும் பருத்தியையும் வெச்சுக்கிட்டு அதை மட்டும் எடுத்துட்டாங்கங்கற விமர்சனம் அதுக்கு இன்னைக்கும் உண்டு. யாருக்கு மகிழ்ச்சி மீட்டர் கொடுக்கறோமோ, அவங்களைத்தான் நாம குடிமக்கள்னு ஒத்துக்கறோம்.

நம்ம ஊர்ல நொய்யல் இருக்கு. திருப்பூர் வேகமா வளர்ந்த வருஷங்கள்ல ஊருக்குள்ள எல்லா மீட்டரும் பச்சைதான். வேலை இருக்கு, காசு இருக்கு. சாயத்தண்ணி போய்ச் சேர்ந்த இடம் ஆத்துக்குக் கீழே, ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்குக் கட்டின அணை அது. கீழ்ப்பகுதி விவசாயிகள் நம்ம டேஷ்போர்டுல எங்கேயுமே இல்லை. அவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்போ, நூத்துக்கணக்கான பட்டறை ஒரே நேரத்துல நின்னுச்சு. ஊரே ஸ்தம்பிச்சது. நமக்கு அது திடீர்னு வந்த மாதிரி இருந்தது. அவங்களுக்கு அது வருஷக்கணக்கா ஏறிட்டே இருந்த மீட்டர்.

நான் ஒரு கேம் எழுதினா

திருப்பூரை வெச்சு ஒரு கேம் எழுதினா, முகம் சிரிக்கிற பச்சை ஐகான் வெக்க மாட்டேன். நம்ம ஊர்ல ஏற்கெனவே ஒரு மீட்டர் தொங்குது. கம்பெனி கேட்ல பாருங்க: "ஓவர்லாக், பேட்லாக் டெய்லர் தேவை. செக்கிங், கைமடிக்கு ஆள் தேவை." அந்த போர்டு எத்தனை வாரம் இறங்காம தொங்குதுங்கறது ஒரு எண். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போனவங்கள்ல எத்தனை பேர் திரும்பி வந்தாங்கங்கறது இன்னொரு எண். மதுரைப் பக்கம் போனவங்களா இருக்கலாம், ஒடிசா, பீகார் போனவங்களா இருக்கலாம். யாரும் அவங்ககிட்ட "சந்தோஷமா இருக்கியா"ன்னு கேட்கலை. அவங்க பஸ் ஏறியோ ஏறாமலோ பதில் சொல்லிடறாங்க.

அப்புறம், மீட்டர்ல இருக்கறவங்களுக்கும் ஒரு பட்டன் கொடுப்பேன். எல்லா கேம்லயும் பட்டன் ஆளறவர்கிட்டதான் இருக்கு. மக்கள் கோபப்படுவாங்க, நாம ரம் அனுப்புவோம், கோயில் கட்டுவோம், பத்திரிகையை மாத்துவோம். அவங்க வந்து உட்கார்ந்து "ரேட் இதுதான்"னு பேசற ஸ்கிரீன் இல்லை. நம்ம ஊர்ல அந்த ஸ்கிரீன் இருக்கு. தொழிற்சங்கங்களும் உற்பத்தியாளர் சங்கங்களும் சில வருஷத்துக்கு ஒரு தடவை சம்பள ஒப்பந்தம் போடறாங்க. மெதுவா நடக்கும், இழுபறியா இருக்கும், எல்லா யூனிட்டுக்கும் போய்ச் சேராது. ஆனா அந்த மேஜையில எதிரெதிரே ரெண்டு நாற்காலி இருக்கு.

அதனால அடுத்த தடவை இந்த மாதிரி கேம் ஆடும்போது, ஏன், உங்க ஆபீஸ்ல ஹெச்ஆர் அனுப்பற "எம்ப்ளாயீ ஹேப்பினஸ் சர்வே" நிரப்பும்போது கூட, மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. இந்த எண் இறங்கினா யாருக்கு வலிக்கும்? இதை இன்னொருத்தர் கணக்குல தள்ளிவிட முடியுமா? இந்தப் பட்டியல்லயே இல்லாதவங்க யாரு?

1984 வேலைநிறுத்தத்தை நேர்ல பார்த்தவங்க உங்க வீட்லயோ தெருவுலயோ இருந்தா, அந்த 127 நாள் வீட்டுச் செலவை எப்படிச் சமாளிச்சாங்கன்னு மட்டும் கேட்டு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. நல்லா வந்தா அதையே தனி எபிசோடா போட்டுடலாம். அடுத்த வாரம் பார்ப்போம்.